முழங்கால் நோவும் சைக்கிளும்: எங்கள் ஞாயிறு குழுவின் அனுபவம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு கோடையில் எங்கள் ஞாயிறு சைக்கிள் குழுவை வீதியில் கண்டவர்கள், "என்ன, ஆக்கள் குறைஞ்சு போச்சுது?" என்று கேட்டார்கள். பன்னிரண்டு பேராக ஓடிய குழு எட்டுப் பேராகச் சுருங்கியிருந்தது. நின்றுபோன நால்வரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: முழங்கால் நோ. அந்த நால்வரில் இந்தக் குழுவைத் தொடக்கியவரான எங்கள் பெரியண்ணரும் ஒருவர்.

இன்று நால்வரும் மீண்டும் எங்களோடு ஓடுகிறார்கள். ஆனால் நால்வருக்கும் நோ வந்த காரணம் வேறு வேறு, அவர்கள் திரும்பி வந்த வழியும் வேறு வேறு. இதை அறிந்துகொள்ள எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்தது. மற்றவர்களுக்கு அவ்வளவு காலம் வீணாகக் கூடாது என்பதற்காக, சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி, இந்தச் சுகாதாரப் பக்கத்துக்கு எங்கள் அனுபவத்தை எழுதுகிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்லர். எங்களுக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்டுகளிடம் கேட்டறிந்தவற்றையும், நாங்கள் பட்டுத் தெளிந்தவற்றையுமே இங்கே தருகிறோம். பெயர் குறிப்பிடாமல் எழுத நால்வரும் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

பிறேக் கட்டையும் முழங்காலும்

பெரியண்ணர் 1986இல் டென்மார்க்குக்கு வந்தவர். அகதி முகாமில் இருந்தபோதே ஒரு பழைய சைக்கிளை வாங்கிவிட்டார். பிறகு வேலை கிடைத்ததும், வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு 9 கிலோமீற்றர், திரும்பி வர 9 கிலோமீற்றர் என்று முப்பது வருடமாக ஓடினார். மழை, உறைபனி, மத்திய யுலண்டின் மேல்காற்று எதுவும் அவரை நிறுத்தவில்லை. 2012 மே மாதம் இத்தாலியின் ஜீரோ சைக்கிள் பந்தயம் ஹேர்னிங் நகரில் தொடங்கியபோது, அதைப் பார்க்க எங்களைச் சைக்கிளிலேயே கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். எங்கள் குழு பிறந்ததே அன்றுதான்.

நம்மவர்களுக்குச் சைக்கிள் என்பது வெறும் உடற்பயிற்சிச் சாமான் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் நோயாளி, விறகு, நெல்மூட்டை, கலியாண வீட்டுச் சாமான் எல்லாம் சைக்கிளில்தான் போயின. பின்னாளில் வந்த தம்பிமார் அந்தக் கதைகளை இன்றும் ஓய்வு நேரங்களில் சொல்வார்கள். ஆகவே "சைக்கிளை விடுங்கோ" என்று ஒருவரிடம் சொன்னால் அவருக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்பதை நாங்கள் அறிவோம்.

பெரியண்ணருக்கு நோ முதலில் சைக்கிளில் வரவில்லை. படி இறங்கும்போது வந்தது. பிறகு கோவிலில் சப்பாணி கட்டி இருந்துவிட்டு எழும்பும்போது வந்தது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சித்தாலேப பூசினார், காற்சட்டைக்குள்ளே முழங்கால் உறை போட்டார், வழக்கம்போல ஓடினார். அடுத்த மாசியில் கண்ணுக்குத் தெரியாத உறைபனியில் சைக்கிள் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்தவர்கள் "மூட்டுத் தேய்மானம்" என்றார்கள்.

அந்த ஒரு சொல்தான் அவரை விழுத்தியது என்பது எங்கள் கருத்து. சைக்கிளைத் தானே கழற்றிப் பூட்டும் மனிதர் அவர். தேய்மானம் என்றவுடன் அவருடைய மனதில் வந்தது பிறேக் கட்டை. "தேஞ்ச கட்டையோட ஓடினால் மிச்சமும் தேயும்தானே? அதுதான் நிப்பாட்டிப்போட்டன்" என்றார். சைக்கிளைக் கொட்டகையில் மாட்டினார். 14 மாதம் அது இறங்கவில்லை. அந்த 14 மாதத்தில் 9 கிலோ கூடினார், சீனி கூடியது, நீரிழிவுக் குளிசையின் அளவும் கூடியது. முழங்கால் நோ மட்டும் குறையவே இல்லை. சங்கத்துக்கு வருவதையும் மெதுவாகக் குறைத்துக்கொண்டார். வீட்டில் எரிந்து விழுகிறார் என்று அண்ணி ஒருநாள் எங்களிடம் சொல்லி அழுதார்.

முழங்கால் பிறேக் கட்டை போன்றது இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்தியவர் பின்னர் கிடைத்த ஒரு பிசியோதெரபிஸ்ட். எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு வேண்டிய சத்து மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்துதான் போகிறது. பஞ்சை அமத்திவிட்டு விடும்போது தண்ணீர் வெளியே போய் உள்ளே வருவதைப் போல, மூட்டில் சுமை ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவமும் போய்வரும். அசைவே மூட்டுக்குச் சாப்பாடு. அசையாத முழங்காலுக்குச் சத்துக் குறைகிறது, அதைத் தாங்கும் தொடைத் தசையும் மெலிகிறது, பிறகு சிறிய வேலைக்கே நோகிறது. நோகிறதே என்று இன்னும் குறைவாக அசைகிறோம். பெரியண்ணர் 14 மாதம் இந்தச் சுற்றுக்குள்தான் நின்றார்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். குருத்தெலும்புக்கு நரம்பும் இல்லை. நோ வருவது அதைச் சுற்றியுள்ள சவ்வு, எலும்பு, தசைநாண் போன்றவற்றிலிருந்து. அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு சிலர் நோவில்லாமல் நடக்கிறார்கள், படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாத சிலர் நித்திரையின்றித் தவிக்கிறார்கள். படம் ஒரு செய்தி மட்டுமே. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சைக்கிள் முழங்காலுக்குக் கூடாது என்ற எண்ணமும் நம்மிடையே இருக்கிறது. பெர்லின் சாரிற்றே வைத்தியசாலையின் ஆய்வாளர்கள், செயற்கை முழங்கால் பொருத்தப்பட்ட சிலரின் மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவி வைத்துச் சுமையை அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல், நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும்போது ஏறத்தாழ ஒரு மடங்கு என்று வந்தது. எடையில் பெரும்பகுதியைச் சீற் தாங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆக, எங்கள் பெரியண்ணர் முழங்காலுக்கு இதமான வேலையை நிறுத்திவிட்டு, மூன்றாம் மாடியில் உள்ள வீட்டுக்குப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்!

உடல் எடை பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு வரும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஒன்பது கிலோ கூடியவர் தன் முழங்காலுக்கு என்ன செய்தார் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். (சோற்றைக் குறைப்பது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது வேறு ஒரு சண்டை.)

டென்மார்க் தந்த ஒரு நல்ல வழி

இந்த நாட்டில் இருக்கும் நாங்கள் அறியாமல் இருந்த ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2013இல் தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தின் ஏவா ரோஸ், சோரன் ஸ்கூ என்னும் இரு ஆய்வாளர்கள், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்காகக் 'கிளாட்' என்னும் பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று விளக்க வகுப்புகள், பிறகு வாரம் இரண்டு தடவை வீதம் ஆறு கிழமைக்குப் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகள். அவ்வளவுதான். நாட்டின் பல இடங்களில் பிசியோதெரபி நிலையங்களில் இது நடக்கிறது. குடும்ப வைத்தியரிடம் சிபாரிசு பெற்றுப் போனால் கட்டணத்தின் ஒரு பகுதி குறையும். கனடா, அவுஸ்திரேலியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் இது பரவிவிட்டதால், அங்குள்ள உங்கள் உறவினருக்கும் சொல்லலாம்.

பயிற்சிகளைப் பார்த்துப் பெரியண்ணர் முதலில் சிரித்தார். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருத்தல், படுத்தபடி இடுப்பை உயர்த்துதல், சிறிய படியில் ஏறி இறங்குதல். ஆனால் முழங்கால் உள்பக்கம் சரியாமல் பாதத்துக்கு நேராக நிற்கும்படி அதைச் செய்யச் சொன்னபோது, பத்தாவது தடவையில் அவருக்கு வியர்த்துவிட்டது. முப்பது வருடம் மிதித்த கால்களில் முன்தொடைத் தசை மட்டும் பலமாக, இடுப்பைப் பிடிக்கும் பக்கத் தசை சோர்ந்துபோய் இருந்தது. சைக்கிள் மட்டும் ஓடுபவர்கள் பலருக்கும் இந்தக் குறை உண்டு. நாங்கள் எட்டுப் பேரும் வீட்டில் அதைச் செய்து பார்த்தோம். யார் யாரால் முடியவில்லை என்று இங்கே எழுதவில்லை.

திரும்ப விழுந்த கதை

ஆறு கிழமைப் பயிற்சி முடிந்து பெரியண்ணர் சைக்கிளை இறக்கிய அன்று, நாங்கள் மாலை போடாத குறை. அங்கேதான் எல்லோரும் சேர்ந்து பிழை விட்டோம். மூன்றாம் ஞாயிறே வழக்கமான பெரிய ஓட்டம், 46 கிலோமீற்றர். போகும்போது காற்று முதுகில். அவர் முன்னே பறந்தார். திரும்பும்போது அதே காற்று முகத்தில். கியரைக் குறைக்க அவருடைய மானம் விடவில்லை, அவரைக் குறைக்கச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. மறுநாள் முழங்கால் மாம்பழம் போல வீங்கியது. "பாத்தியளோ, நான் அப்பவே சொன்னன்" என்று மறுபடியும் கொட்டகைக் கதவைப் பூட்டினார்.

நோவைச் சகிக்கலாம், திரும்பி வந்த நோவைச் சகிப்பதுதான் கடினம். முதல் தடவை நம்பிக்கை இருக்கிறது. இரண்டாவது தடவை, செய்த பயிற்சி எல்லாம் வீண் என்று மனம் சொல்லத் தொடங்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் அவரைத் திட்டவில்லை. மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு இப்படி இடைக்கிடை நோ கிளம்புவது வழக்கம், பெரும்பாலும் சில நாளில் தணியும், புதிதாக ஏதோ உடைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம் என்று விளக்கினார். பிறகு ஓர் அளவுகோல் கொடுத்தார். நோ இல்லாவிட்டால் 0, தாங்கவே முடியாத நோ 10. ஓடும்போது 2 வரை இருந்தால் கவலை வேண்டாம். 5 வரை போனாலும் பொறுக்கலாம். 5ஐத் தாண்டினால் அன்று அதிகம். அத்தோடு, கூடிய நோ 24 மணித்தியாலத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த முறை தூரத்தையோ வேகத்தையோ குறைக்க வேண்டும். நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அண்ணி அந்த எண்ணை ஒவ்வொரு நாளும் சமையலறையில் தொங்கும் கோவில் கலண்டரில் எழுதத் தொடங்கினார். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. முதல் கிழமை 6, 5, 5, 4. மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்குள் நிற்கும் பயிற்சிச் சைக்கிளில் பாரமே இல்லாமல் பத்து நிமிடம். பிறகு 5 கிலோமீற்றர், 8, 12. நடுவில் இரண்டு தடவை எண் ஏறியது. ஏறியபோது அவர் பாதித் தூரத்துக்கு இறங்கினார், பூச்சியத்துக்கு இறங்கவில்லை. மூன்று மாதக் கலண்டரைப் பார்த்தால் அது நேராக இறங்கும் கோடு இல்லை, எங்கள் ஊர் ஒழுங்கை போல வளைந்து வளைந்து இறங்குகிறது. ஆனால் இறங்குகிறது.

சைக்கிள் ரசிகர்களுக்கு இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லலாம். பிரான்ஸ் நாட்டின் பெர்னார் ஈனோ 1980 ரூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மஞ்சள் அங்கியோடு முதலிடத்தில் இருந்தபோதே, முழங்கால் தசைநாண் அழற்சியால் போ நகரில் இரவோடு இரவாக விலகினார். அதே வருடம் ஓகஸ்ட்டில் உலகச் சம்பியன் ஆனார். 1983இல் மறுபடி முழங்கால், இம்முறை சத்திரசிகிச்சை. அந்த வருட ரூர் போட்டிக்கே அவர் போகவில்லை. 1984இல் இரண்டாம் இடம். 1985இல் ஐந்தாம் தடவையாக வென்றார். அவர் இளமையில் இருந்த தொழில்முறை வீரர், அறுபதைக் கடந்த எங்களுக்கு உடம்பு அவ்வளவு விரைவாக ஆறாது என்பது தெரியும். ஆனாலும் இந்தக் கதையைப் பெரியண்ணரிடம் சொன்னபோது அவர் கவனமாகக் கேட்டார். "அவனே பந்தயத்தை விட்டிட்டு இறங்கினவன் எண்டால், நான் கியரைக் குறைக்கிறதில என்ன வெக்கம்?" என்றார்.

இப்போது அவர் மின்சைக்கிள் ஓடுகிறார். அதை வாங்க வைக்க ஒரு வருடம் போராடினோம். "அது கிழவர்களுக்கு" என்பார். காற்று முகத்தில் அடிக்கும்போது மட்டும் மோட்டாரைப் போடுகிறார், மற்ற நேரத்தில் தானே மிதிக்கிறார். கூடிய ஒன்பதில் ஆறு கிலோ குறைந்துவிட்டது. முழங்காலில் நோ முற்றாகப் போகவில்லை. காலையில் 2, சில நாளில் 3.

மற்ற மூவரின் முழங்கால்கள்

அக்கா ஒருவருக்கு நோ முழங்கால் சில்லுக்கு முன்பக்கத்தில். காரணம் அவருடைய சீற். நாற்பது வயதுக்குப் பிறகு டென்மார்க்கில் சைக்கிள் பழகியவர் அவர். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில், இரு பாதமும் நிலத்தில் முழுவதும் படும்படி சீற்றைப் பதித்து வைத்திருந்தார். சீற் பதிந்திருந்தால் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடியும், சில்லு தொடையெலும்பில் அழுந்தும். நம் பெண்களில் பலர் இப்படித்தான் ஓடுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறோம்.

சரியான உயரம் பார்க்க எளிய முறை உண்டு. சீற்றில் இருந்துகொண்டு குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சிறிய மடிப்பு இருக்கும். அதுதான் அளவு. ஒரேயடியாக உயர்த்த வேண்டாம், ஒரு கிழமைக்கு ஒரு சென்ரிமீற்றர் போதும். சீற் மிக உயர்ந்துவிட்டால் நோ முழங்காலின் பின்பக்கத்தில் வரும். அக்காவுக்குச் சீற்றை மொத்தமாக ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தினோம். நிற்கும்போது சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கி நிற்கப் பழக்கினோம், அதற்கு இரண்டு ஞாயிறு கோவில் வாகனத் தரிப்பிடம் உதவியது. இரண்டு மாதத்தில் அவருடைய நோ போய்விட்டது.

கியரும் அப்படியே. டென்மார்க்கின் மிக உயர்ந்த இடமே 171 மீற்றர்தான், ஆனால் யுலண்டில் காற்றுத்தான் மலை. பாரமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது ஆண்களுக்கு வீரமாகத் தெரியும், முழங்காலுக்கு அது தண்டனை. 15 விநாடியில் ஒரு கால் 18 தொடக்கம் 20 சுற்று வரும்படி இலேசான கியரில் சுழற்றுங்கள்.

மூன்றாமவர் ஐம்பது வயதுத் தம்பி. ஒரு வருடம் முழங்காலுக்கே எண்ணெய் பூசினார், முழங்காலையே படம் எடுத்தார், அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால் பழுது இடுப்பு மூட்டில். இடுப்பின் நோ தொடை வழியாக இறங்கி முழங்காலில் தெரிவது உண்டு. சப்பாத்துக் கட்டக் குனிய முடியவில்லை, காரில் ஏறும்போது அரையில் இழுக்கிறது என்பதை அவர் வைத்தியரிடம் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது செயற்கை இடுப்பு மூட்டு வைத்து, சத்திரசிகிச்சை செய்த வைத்தியரின் அனுமதியோடு ஓடுகிறார். ஏறி இறங்க வசதியாக, நடுவில் தண்டு இல்லாத பெண்கள் சைக்கிளை எடுத்திருக்கிறார். பகிடி பண்ணியவர்களுக்கு அவருடைய பதில், "மனிசியின்ர சைக்கிள்தான், மனிசி எனக்குத்தான்."

இந்த இடத்தில் ஒரு விடயம். உடம்பெல்லாம் நோகுது என்று சொன்னால் இங்குள்ள வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. நமக்குக் குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு என்று எத்தனையோ சொல் இருக்கிறது. மொழிபெயர்க்க வரும் பேரப்பிள்ளைக்கு இவற்றின் வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்துவிடும். ஆகவே போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த இடம் (விரலால் தொட்டுக் காட்டுங்கள்), எந்த வேலை செய்யும்போது, காலையில் விறைப்பு எத்தனை நிமிடம், வீக்கம் உண்டா, இரவில் எழுப்புகிறதா.

நான்காமவரின் கதைதான் எங்களைப் பயப்படுத்தியது. நாற்பத்திரண்டு வயதுத் தங்கை. முழங்கால் வீங்கியது, சைக்கிள் ஓடியதால் என்று நாங்களும் சொன்னோம், அவரும் நம்பினார். ஆனால் விரல் மூட்டுகளும் வீங்கின, காலையில் இரண்டு மணித்தியாலம் வரை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அது தேய்மானம் இல்லை. ருமற்றொயிட் என்னும் வாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். அதற்கு வேண்டியது விசேட வைத்தியரும் மருந்தும். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகப் பழுதாகும். ஏழு மாதம் தாமதித்துவிட்டோம். மருந்தால் இப்போது அடங்கியிருக்கிறது, ஆனால் வலது கை விரல் ஒன்று முழுதாக நீளாது. ஆகவே காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால், பல மூட்டுகள் சேர்ந்து வீங்கினால், எங்களைப் போலச் சீற் உயரம் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே போக வேண்டும். விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டாலும், முழங்கால் இறுகி நீட்ட முடியாமல் நின்றாலும், கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தாலும் அப்படியே.

குளிசையும் எண்ணெயும்

பனடோல் சிலருக்குச் சிறிது உதவும். இபுபுறொஃபென் போன்ற குளிசைகள் கூடுதலாக உதவினாலும், வயிறு, சிறுநீரகம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பாதிக்கலாம். நம்மில் நீரிழிவும் பிறசரும் இல்லாத வீடு குறைவு என்பதால், வைத்தியரைக் கேளாமல் மாதக்கணக்கில் போட வேண்டாம். அதே வகை மருந்து பூசும் களிம்பாகவும் கிடைக்கிறது, முழங்காலுக்கு முதலில் அதைப் பார்க்கலாம். நோவை மறைக்கக் குளிசை போட்டுவிட்டு நீண்ட தூரம் ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அளவுகோலையே அது கெடுத்துவிடும்.

குளுக்கோசமின் குளிசைக்குக் காசு செலவழிக்கிறவர்கள் பலர். 2006இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், மொத்தத்தில் அது வெறும் மாக்குளிசையைவிட மேலாக உதவவில்லை. சித்தாலேப, கோடாலித் தைலம், அம்மா காய்ச்சிய எண்ணெய் ஆகியவை சூட்டையும் தடவும் கையின் இதத்தையும் தருகின்றன, புண் இல்லாத தோலில் பூசுவதில் தவறில்லை. குருத்தெலும்பை அவை வளர்க்காது. தேய்ந்த முழங்காலுக்குள் துளையிட்டுக் கழுவும் சத்திரசிகிச்சை பற்றி ஊரிலிருந்து யாராவது சொன்னால், 2002இல் ஹூஸ்ரனில் செய்த ஆய்வில் அது பெயருக்குக் கீறிவிட்டதைவிட எந்தப் பலனும் தரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை வேறு விடயம், காலம் வந்தால் அது பெரிய உதவி.

வைட்டமின் டி பற்றி ஒரு வரி. கறுத்த தோல் உள்ள நமக்கு இந்த நாட்டு வெயில் போதாது, குறைபாடு வந்தால் எலும்பும் தசையும் உளையும். வருடம் முழுவதும் எடுக்கும்படி இங்குள்ள சுகாதாரத்துறையே நமக்குப் பரிந்துரைக்கிறது. மூட்டு நோ என்று வருகிறவர்களில் சிலருக்கு இதுவும் சேர்ந்திருக்கும், இரத்தப் பரிசோதனையில் கேட்டுப் பாருங்கள்.

சித்திரை மாத முதல் ஞாயிறிலிருந்து, காலை 9 மணிக்கு, சங்க மண்டபத்தின் பின்பக்கத்தில் சந்திக்கிறோம். 12 கிலோமீற்றர் ஓடும் குழு ஒன்று, 30 கிலோமீற்றர் ஓடும் குழு ஒன்று. 12 கிலோமீற்றர்க் குழுவைப் பெரியண்ணர் நடத்துகிறார், அதில் யாரும் அவரை முந்தக் கூடாது என்பது விதி. ஸ்பனரும் அளவு நாடாவும் நாங்கள் கொண்டு வருவோம், சீற் உயரம் பார்க்க வேண்டியவர்கள் கால் மணித்தியாலம் முந்தி வாருங்கள். தேத்தண்ணி அண்ணியின் பொறுப்பு. ஓடாதவர்களும் வந்து குடிக்கலாம்.